சாதாரண மனிதனின் கண்ணும் வெள்ளை நிறமும்: பகத் சிங் திந்த் வழக்கு, 1923

1923 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு கேள்விக்கு விடை கூறியது. அமிர்தசரஸ் வட்டாரத்தில் பிறந்து, ஆரகன் மாநிலத்தின் மர அறுப்பு ஆலைகளில் உழைத்து, முதல் உலகப் போரின் இறுதி மாதங்களில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்பவர் சட்டத்தின் கண்ணில் ‘வெள்ளையர்’ தானா என்பதே அக்கேள்வி. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் ‘அல்லர்’ என்றனர். அமெரிக்கச் சமூகத்தில் குடியேறியவரின் வாய்ப்புகள் உழைப்பாலும் கல்வியாலும் தீர்மானிக்கப்பட்டனவா, நிறத்தால் தீர்மானிக்கப்பட்டனவா என்று வினவும் மாணவர் எவரும் இத்தீர்ப்பைத் தவிர்த்துச் செல்ல இயலாது. இந்திய வாசகருக்கு இதில் கூடுதலான ஒரு சங்கடமும் உண்டு. அதனைப் பின்னர்க் காணலாம்.

இக்கேள்வி எழுந்ததன் வேர் 1790 ஆம் ஆண்டில் உள்ளது. அவ்வாண்டு அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய முதல் குடியுரிமைச் சட்டம், இரண்டாண்டுகள் நாட்டில் வசித்த, நன்னடத்தையுள்ள, ‘சுதந்திரமான வெள்ளை மனிதர்’ குடியுரிமை கோரலாம் என்றது. உள்நாட்டுப் போர் முடிந்த பின்னர், 1868 இல் அரசியலமைப்பின் பதினான்காவது திருத்தம் அந்நாட்டு மண்ணில் பிறந்தவர்க்குக் குடியுரிமையை உறுதி செய்தது. 1870 இல் ஆப்பிரிக்காவில் பிறந்தோரும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களும் குடியுரிமை கோரலாம் எனச் சட்டம் விரிவாக்கப்பட்டது. அவ்விவாதத்தின்போது, நிறச் சொல்லை முற்றிலும் நீக்கிவிடலாம் என்று செனட்டர் சார்லஸ் சம்னர் முன்மொழிந்தார். சீனர்கள் வந்து குவிவார்கள் என்ற அச்சத்தினால் அம்முன்மொழிவு தோற்றது. ஆகவே வெள்ளை, கறுப்பு என்னும் இரண்டு வாயில்கள் மட்டுமே திறந்திருந்தன. இடையில் நின்ற ஆசியர் எந்த வாயிலின் முன் வரிசையில் நிற்பது என்பதை நீதிமன்றங்களே முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

1878 இல் கலிபோர்னியாவில் அஹ் யுப் என்னும் சீனரின் மனு நிராகரிக்கப்பட்டதிலிருந்து 1952 வரை, ‘இவர் சட்டப்படி வெள்ளையரா’ என்பதை ஆராய்ந்த வழக்குகள் ஐம்பத்திரண்டு பதிவாகியுள்ளன என்று சட்ட அறிஞர் இயன் ஹேனி லோபஸ் கணக்கிட்டுள்ளார். அவற்றுள் ஒன்றைத் தவிர ஏனைய அனைத்திலும் மனுதாரர் தம்மை வெள்ளையர் என்றே வாதிட்டார். ஆப்பிரிக்க வழித்தோன்றல் என்ற வாயிலைத் தட்டியவர் ஒரே ஒருவர்தான். சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருந்தும், மக்கள் ஒன்றன் முன்னரே கூடினர் என்பது சட்டநூல் சொல்லாத ஒரு செய்தியைச் சொல்கிறது. கறுப்பினத்தவராகக் குடியுரிமை பெறுவதால் கிட்டும் உரிமை எத்தகையது என்பதைக் குடியேறியவர் ஒவ்வொருவரும் வந்து இறங்கிய சில மாதங்களிலேயே அறிந்துகொண்டனர். தென் மாநிலங்களின் புகைவண்டிப் பெட்டிகளும் பள்ளிக்கூடங்களும் வாக்குச்சாவடிகளும் அதனை அன்றாடம் கற்பித்தன.

கீழமை நீதிமன்றங்களின் தீர்ப்புகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 1909 இல் பாஸ்டனில் ஆர்மீனியர்கள் வெள்ளையர் எனப்பட்டனர். 1910 இல் பம்பாயைச் சேர்ந்த பார்சி வணிகரான பால்சாரா நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வெள்ளையர் ஆனார். தென் கரோலினாவில் ஜார்ஜ் டௌ என்னும் சிரியரை மாவட்ட நீதிபதி வெள்ளையர் அல்லர் என்று திருப்பி அனுப்ப, 1915 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை வெள்ளையராக்கியது. 1913 இல் வாஷிங்டன் மாநிலத்தில் அக்ஷய் குமார் மஜும்தார் என்னும் வங்காளி, தாம் உயர்சாதி இந்து, ஆகவே ஆரியர், ஆகவே வெள்ளையர் என்று வாதிட்டுக் குடியுரிமை பெற்றார். அடுத்த ஆண்டு சகாராம் கணேஷ் பண்டிட் கலிபோர்னியாவில் குடியுரிமை பெற்று, பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வழக்கறிஞராகவும் ஆனார். நீதிபதிகள் சில நேரம் இனவியல் நூல்களைப் புரட்டினர். சில நேரம் எதிரில் நின்றவரின் தோலை உற்றுநோக்கினர்.

திந்த் சியாட்டல் துறைமுகத்தில் இறங்கியது 1913 ஜூலை 4 அன்று. அமெரிக்க விடுதலை நாளில் வந்திறங்கினார் என்பது தற்செயல். வரலாறு இத்தகைய நயங்களைத் திட்டமிட்டுச் செய்வதில்லை. அவர் வந்த பசிபிக் கடற்கரை பஞ்சாபியரை வரவேற்கும் நிலையில் இல்லை. 1907 செப்டம்பரில் பெல்லிங்ஹாம் நகரில் வெள்ளைத் தொழிலாளர் கும்பல் ஒன்று இந்திய மர ஆலைத் தொழிலாளர்களை அவர்தம் இருப்பிடங்களிலிருந்து அடித்து விரட்டியது. சில நாட்களில் அந்நகரில் இந்தியர் ஒருவரும் இலர். சீனரை 1882 ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே தடுத்திருந்தது. இந்நிலையிலும் பஞ்சாபிலிருந்து ஆட்கள் வந்தனர். சிறு நிலவுடைமைக் குடும்பங்களின் இளைய மகன்கள், பிரித்தானியப் படையிலிருந்து விடுபட்ட சிப்பாய்கள், கடன் தீர்க்க வேண்டியோர், நிலம் வாங்கும் கனவுடையோர் என அவர்கள் பலதிறத்தினர். திந்த் படித்தவர். கோடையில் ஆலையில் உழைத்தும் ஏனைய காலத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பயின்றும் வந்தார். 1913 இல் ஆரகனிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் உருக்கொண்ட கதர் இயக்கத்தாரோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. அரசு அதிகாரிகள் இதனை இறுதிவரை மறக்கவில்லை.

1918 ஜூலையில் அவர் படையில் சேர்ந்தார். தலைப்பாகையைக் கழற்றாமலே பணியாற்றினார். நவம்பரில் தற்காலிகச் சார்ஜன்டாக உயர்த்தப்பட்டு, டிசம்பர் 16 அன்று நற்சான்றுடன் விடுவிக்கப்பட்டார். விடுவிப்புக்கு ஒரு வாரம் முன்னர், டிசம்பர் 9 அன்று, வாஷிங்டன் மாநில நீதிமன்றம் ஒன்று அவருக்குக் குடியுரிமை வழங்கியது. நான்கே நாட்களில், அவர் வெள்ளையர் அல்லர் என்ற காரணத்தால் அது பறிக்கப்பட்டது. அவர் தளரவில்லை. ஆரகனில் மீண்டும் விண்ணப்பித்தார். 1920 நவம்பரில் மாவட்ட நீதிபதி சார்லஸ் வோல்வர்டன் அரசின் ஆட்சேபங்களை ஒதுக்கிவிட்டுக் குடியுரிமை அளித்தார். அரசு மேல்முறையீடு செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தைச் சென்றடைந்தது.

திந்த் வழக்கைத் தனியாகப் படித்தால் அதன் முழுப் பொருளும் விளங்காது. அதற்கு மூன்று மாதங்கள் முன்னர், 1922 நவம்பர் 13 அன்று, அதே நீதிமன்றம் தகாவோ ஒஸாவாவின் வழக்கில் தீர்ப்புரைத்திருந்தது. ஒஸாவா ஜப்பானில் பிறந்து 1894 இல் கலிபோர்னியாவுக்கு வந்தவர். பெர்க்லி உயர்நிலைப் பள்ளியில் தேர்ச்சி பெற்றவர். பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் பயின்றவர். பின்னர் ஹோனலூலுவில் குடியமர்ந்தவர். வீட்டில் ஆங்கிலமே பேசினார். பிள்ளைகளை அமெரிக்கப் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் வளர்த்தார். அமெரிக்காவோடு இரண்டறக் கலந்தவர் என்பதற்கு அவரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைத் தேடியும் காண்பது அரிது. அவருடைய குணநலனையும் கல்வியையும் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும் சட்டத்தில் உள்ள ‘வெள்ளையர்’ என்னும் சொல் தோலின் வெண்மையைக் குறிப்பதன்று, காக்கேசிய இனத்தைக் குறிப்பது என்று விளக்கி, ஜப்பானியர் அவ்வினத்தவர் அல்லர் என்பதால் மனுவைத் தள்ளியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட். இங்கிலாந்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் பெற்றோருடன் யூட்டாவுக்கு வந்து சேர்ந்த அவரும் ஒரு குடியேறியவரே.

ஒஸாவா தீர்ப்பு திந்தின் தரப்புக்கு வலுவூட்டுவதாகவே தோன்றியது. வெள்ளையர் என்றால் காக்கேசியர். அன்றைய இனவியல் நூல்களோ வட இந்தியரைக் காக்கேசியரில் சேர்த்திருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியரான புளூமென்பாக் மண்டையோடுகளை வரிசைப்படுத்தி ‘காக்கேசியர்’ என்னும் பெயரைப் பரப்பிய நாள்முதல், மொழிநூலாரின் ஆரியக் கோட்பாடு அதனோடு கைகோத்து வளர்ந்திருந்தது. பண்டிட் உள்ளிட்ட திந்தின் வழக்கறிஞர்கள் இவ்விரண்டையும் நீதிமன்றத்தின் முன் அடுக்கினர். மூன்றாவதாக ஒரு சான்றையும் முன்வைத்தனர். அதுதான் சாதி.

மேலே குறிப்பிட்ட சங்கடம் இங்குத் தொடங்குகிறது. திந்த் ஒரு சீக்கியர். நீதிமன்ற ஆவணங்களிலோ அவர் ‘உயர்சாதி இந்து’. அன்றைய அமெரிக்க வழக்கில் இந்தியர் எவராயினும் இந்துவே. பஞ்சாபி முஸ்லிமும் அங்கே இந்துதான். (1920, 1930, 1940 ஆம் ஆண்டுகளின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘இந்து’ என்பது மதமாக அன்றி ஓர் இனமாகவே இடம்பெற்றிருந்தது.) ‘உயர்சாதி’ என்னும் அடைமொழி மட்டும் அறியாமையால் வந்ததன்று. அது வாதத்தின் அச்சாணி. உயர்சாதியார் அகமணத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றுவதால் ஆரியக் குருதி கலப்பின்றிக் காக்கப்பட்டுள்ளது என்று வாதிடப்பட்டது. அதற்கும் ஒருபடி மேலே சென்று, அமெரிக்க வெள்ளையர் கறுப்பினத்தவரை எவ்வாறு நோக்குகின்றனரோ அவ்வாறே உயர்சாதி இந்து இந்தியாவின் பழங்குடி மக்களை நோக்குகிறார், மண உறவில் அதே அருவருப்பைக் காட்டுகிறார் என்றும் எழுதிக் கொடுக்கப்பட்டது. வாதத்தின் உட்பொருள் வெளிப்படையானது: உங்களைப் போலவே எங்களுக்கும் கீழே ஒரு மக்கள் திரள் உண்டு, ஆதலால் நாங்களும் உங்களைச் சேர்ந்தவர்களே.

இவ்விடத்தில் இன்னொரு வருகையை நினைவுகூர்வது பொருந்தும். திந்த் சியாட்டலில் இறங்கிய அதே 1913 ஜூலை மாதத்தின் இறுதியில், பரோடா அரசின் உதவித்தொகையுடன் பீமராவ் அம்பேத்கர் நியூயார்க் வந்து சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1916 மே மாதம், மானிடவியலாளர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியச் சாதிகள் குறித்த தமது கட்டுரையை அவர் வாசித்தார். அகமணமே சாதியின் சாரம் என்பது அக்கட்டுரையின் மையம். இந்திய மக்கள் இனவகையில் கலந்தவர்கள், சாதி ஒரே மக்களுக்குள் எழுப்பப்பட்ட அடைப்பு என்பது அதன் மற்றொரு கூற்று. ஏழு ஆண்டுகள் கழித்து அதே நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் அதே அகமணம், இனத் தூய்மைக்கான சான்றாக எடுத்துக் காட்டப்பட்டது. இருவர் ஒரே நாட்டுக்கு ஒரே மாதத்தில் வந்தனர். ஒருவர் சாதியை ஆய்வுப் பொருளாக்கினார். மற்றவரின் வழக்கில் அது தகுதிச் சான்றிதழ் ஆயிற்று. இதற்காகத் திந்தைத் தனிப்பட்ட முறையில் குற்றஞ்சாட்டுவது எளிது; நேர்மையாகாது. வெள்ளையர் என்று நிறுவினாலன்றி வாயில் திறவாது என்னும் சட்டத்தின் கீழ், கிடைத்த கருவியை அவர் தரப்பு எடுத்தது. ஆயினும் அக்கருவி எங்கே வார்க்கப்பட்டது, யார் மீது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்பதை ஆய்வாளர் மறைத்தல் கூடாது. புலம்பெயர்ந்தோர் வரலாற்றை எழுதுவோர் பலர் திந்தை ஏமாற்றப்பட்ட வீரராக மட்டும் காட்டி, வாதத்தின் இப்பகுதியைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

சதர்லாண்டின் தீர்ப்பு இவ்வாதங்களைப் பெரிதும் மறுக்கவில்லை; அவற்றைப் பயனற்றவையாக்கியது. வடபுல ஐரோப்பியருக்கும் பழுப்பு நிற இந்துவுக்கும் தொல்பழங்காலத்தில் பொது மூதாதை இருந்திருக்கலாம். ஆனால் இன்று அவர்களிடையே உள்ள வேறுபாட்டைச் சாதாரண மனிதன் நன்கறிவான் என்றார் அவர். ஆரியர் என்பது மொழியைச் சுட்டும் சொல், இனத்தைச் சுட்டுவதன்று. காக்கேசியர் என்னும் அறிவியற் சொல்லோ ஆய்வாளருக்கு ஆய்வாளர் மாறுபடுவது. சட்டத்தை இயற்றியவர்கள் எளிய மக்களின் பேச்சுமொழியில் எழுதினர். ஆகவே சாதாரண மனிதனின் புரிதலே அளவுகோல். மூன்று மாதங்களுக்கு முன் ஜப்பானியரை விலக்க உதவிய அறிவியல், இந்தியரை உள்ளே விட நேர்ந்தபோது கைவிடப்பட்டது. சாதி விதிகள் குருதிக் கலப்பைத் தடுக்கும் நோக்கமுடையவையாயினும் முற்றிலும் வெற்றி பெற்றதாகத் தெரியவில்லை என்றும் தீர்ப்பு போகிற போக்கில் குறிப்பிட்டது. இந்தியரின் குடியேற்றத்தையே தடுத்த 1917 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அது சுட்டிக்காட்டியது. வரவே வேண்டாம் என்று காங்கிரஸ் கருதிய மக்களைக் குடிமக்களாக்க அது விரும்பியிருக்காது என்பது வாதம். முரண்பாடு என்று இதனைக் கூறுவது வழக்கம். ஆனால் இரண்டு தீர்ப்புகளும் ஒரே நோக்கத்தைச் சற்றும் பிசகாமல் நிறைவேற்றின என்று கொள்வதே பொருத்தம்.

தீர்ப்பின் விளைவு திந்த் ஒருவரோடு நிற்கவில்லை. ஏற்கெனவே குடியுரிமை பெற்ற இந்தியர்களிடமிருந்து அதனைப் பறிக்கும் வழக்குகளை அரசு தொடுத்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அதனை இழந்தனர். மஜும்தார் அவர்களுள் ஒருவர். கலிபோர்னியாவில் 1913 இலும் 1920 இலும் இயற்றப்பட்ட அந்நியர் நிலச் சட்டங்கள், குடியுரிமைக்குத் தகுதியற்ற அந்நியர் வேளாண் நிலம் உடைமை கொள்வதையும் குத்தகைக்கு எடுப்பதையும் தடுத்தன. முதன்மையாக ஜப்பானியரை நோக்கிய அச்சட்டங்கள் இப்போது பஞ்சாபி உழவர் மீதும் பாய்ந்தன. 1922 ஆம் ஆண்டின் கேபிள் சட்டப்படி, தகுதியற்ற அந்நியரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையும் இழந்தாள். தாரக்நாத் தாஸின் மனைவி மேரி கீட்டிங் தாஸ் அவ்வாறு நாடற்றவரானார். 1924 ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், குடியுரிமைக்குத் தகுதியற்றோர் எவரும் குடியேற முடியாது என்று எஞ்சிய இடைவெளியையும் அடைத்தது. ‘குடியுரிமைக்குத் தகுதியற்றவர்’ என்னும் ஒரு தொடர் நிலம், மணம், பயணம், தொழில் என அனைத்திலும் ஊடுருவிச் சென்ற விதம் சட்ட வரலாற்று மாணவர் ஊன்றிப் பயில வேண்டியது. நிறத்தை நேரடியாகச் சொல்லாமலே நிறத்தின் வழி ஆள்வதற்கு அது போதுமானதாக இருந்தது.

வைஷ்ணோ தாஸ் பகாயின் வாழ்க்கையை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். பெஷாவரைச் சேர்ந்த அவர் 1915 இல் மனைவி கலாவுடனும் மூன்று மகன்களுடனும் சான் பிரான்சிஸ்கோ வந்தார். பெரும்பாலான இந்தியர் வெறுங்கையுடன் வந்த காலத்தில் 25,000 டாலர் கொண்டுவந்தார் என்பர். பெர்க்லியில் வீடு வாங்கிக் குடியேறச் சென்ற நாளில், அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி வைத்து உள்ளே விட மறுத்தனர். சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் தெருவில் கடை வைத்தார். மேனாட்டு உடை, ஆங்கிலப் பேச்சு, அமெரிக்க நண்பர்கள் என அமெரிக்கராகவே வாழ்ந்தார். 1921 இல் பிரித்தானியக் குடிமைத் தொடர்பைத் துறந்து அமெரிக்கக் குடிமகன் ஆனார். திந்த் தீர்ப்புக்குப் பின் அக்குடியுரிமை பறிக்கப்பட்டது. கடையையும் சொத்தையும் இழக்க நேர்ந்தது. இந்தியாவிலுள்ள உறவினரைக் காணச் செல்ல விரும்பியபோது அமெரிக்கக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. பிரித்தானியக் குடியாகப் பயணம் செய்யலாம் என்றனர். எந்த ஆட்சியிலிருந்து விடுபடக் கடல் கடந்தாரோ அதன் கடவுச்சீட்டை ஏற்க அவர் மறுத்தார். 1928 மார்ச்சில் சான் ஹோசே நகரில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நாளிதழுக்கு அவர் விட்டுச் சென்ற கடிதத்தில், தம் பிள்ளைகளை அமெரிக்கராக வளர்த்ததையும், திரும்பிச் செல்லவும் முன்னே செல்லவும் வழியற்றுப் போனதையும் எழுதியிருந்தார். கலா பகாய் மூன்று மகன்களையும் தனியே வளர்த்து ஆளாக்கினார். அவரை வீட்டுக்குள் விடாத பெர்க்லி நகரின் ஒரு தெருப் பகுதிக்கு அண்மையில் அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

பண்டிட் வேறு வகையில் எதிர்த்து நின்றார். திந்துக்காக வாதாடித் தோற்ற அவர், தமது குடியுரிமையைப் பறிக்க வழக்கு வந்தபோது இனத்தைப் பற்றியே பேசவில்லை. ஒரு நீதிமன்றம் முறையாக விசாரித்து அளித்த தீர்ப்பைப் பல்லாண்டுகள் கழித்து அரசு திறக்க முடியாது. அத்தீர்ப்பை நம்பித் தாம் தொழிலையும் சொத்தையும் குடும்பத்தையும் அமைத்துக்கொண்டுவிட்டதாக வாதிட்டார். 1926 இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1927 இல் உச்ச நீதிமன்றம் அரசின் மனுவை ஏற்க மறுத்தது. அதன்பின் எஞ்சிய பறிப்பு வழக்குகளை அரசு கைவிட்டது. சாதியாலும் ஆரியத்தாலும் காக்க முடியாததை, ‘முடிந்த வழக்கு முடிந்ததே’ என்னும் வறண்ட நடைமுறை விதி காத்தது.

பெரும்பாலான பஞ்சாபி உழவர்க்கு அத்தகைய வழக்கறிஞர் திறம் இல்லை. இம்பீரியல் பள்ளத்தாக்கின் வெப்பத்தில் பருத்தியும் முலாம்பழமும் கீரையும் பயிரிட்ட அவர்கள், நம்பத்தகுந்த வெள்ளையர் பெயரில் நிலத்தை வைத்தனர். ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர முடியாத நிலையில் மெக்சிகப் பெண்களை மணந்தனர். அமெரிக்க மண்ணில் பிறந்த தம் குழந்தைகளின் பெயரில் நிலத்தை எழுதி, தாம் காப்பாளராக நின்று உழுதனர். இனக்கலப்பு மணத்தைத் தடுத்த கலிபோர்னியச் சட்டத்தின் கீழ், மணப்பதிவு அலுவலர் இருவர் நிறத்தையும் ‘பழுப்பு’ என்று எழுதிவிட்டால் தடையில்லை. கேரன் லியோனார்டின் ஆய்வுகள் இக்குடும்பங்களின் வாழ்வை விரிவாகப் பதிவு செய்துள்ளன. 1933 இல் இம்பீரியல் வட்டத்தில், நிலச் சட்டத்தை ஏய்க்கச் சதி செய்ததாகப் பஞ்சாபியர் சிலர் மீது குற்றச்சாட்டும் வந்தது. ஆனாலும் உழவு நிற்கவில்லை.

இவ்வரிசையில் எப்போதும் விடுபட்டுப்போகும் கூட்டம் ஒன்றுண்டு. 1880கள் தொடங்கி, வங்கத்தின் ஹூக்ளி வட்டாரத்து முஸ்லிம் வணிகர்கள் சிக்கன் பூவேலைத் துணிகளைச் சுமந்து நியூ ஜெர்சியின் கடற்கரை ஊர்களிலும் நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் விற்றனர். பின்னாளில் சில்ஹெட், நவகாளிப் பகுதி மாலுமிகள் பிரித்தானியக் கப்பல்களின் கொதிகலன் அறைகளிலிருந்து தப்பி நியூயார்க்கிலும் டெட்ராய்ட்டிலும் இறங்கினர். இவர்களுள் பலர் ட்ரெமே, ஹார்லெம் போன்ற பகுதிகளில் கறுப்பினத்தவரோடும் போர்ட்டோ ரிக்கோவினரோடும் வாழ்ந்தனர். அவர்களிடையே மணம் செய்தனர். அத்தெருக்களிலேயே தம் கடைகளையும் உணவகங்களையும் நடத்தினர். விவேக் பால்ட் இவர்களின் தடயங்களைக் கப்பல் பட்டியல்களிலும் கணக்கெடுப்புத் தாள்களிலும் தேடித் தொகுத்துள்ளார். நீதிமன்றம் சென்று வெள்ளையர் என்று நிறுவும் முயற்சியில் இவர்களுள் மிகப் பலர் இறங்கவில்லை. அவர்கள் ஏற்றம் பெற்றனர் என்றும் கூற முடியாது. ஆனால் கதவு மறுக்கப்பட்டவர்கள் குடியிருக்க இடம் கொடுத்தது ஏற்கெனவே மறுக்கப்பட்டவர்களின் தெருதான் என்பதை அவர்களின் வரலாறு காட்டுகிறது. படித்த இந்தியர் எழுதிய குடியேற்ற வரலாறுகளில் நெடுங்காலம் இவர்களுக்கு ஒரு பத்தியும் இல்லை.

சட்டம் மெல்லத் தளர்ந்தது. தளர்ந்த காரணங்களில் மனமாற்றத்தைவிடப் போருக்கே பங்கு அதிகம். 1935 இல், முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆசிய வீரர்களுக்குக் குடியுரிமை அளிக்கும் சட்டம் வந்தது. அதன்வழித் திந்த் 1936 இல் நியூயார்க்கில் மூன்றாம் முறையாகக் குடியுரிமை பெற்றார். இம்முறை அதனை எவரும் பறிக்கவில்லை. சீனா நேச நாடாக இருந்த 1943 இல் சீனர் தடைச் சட்டம் நீக்கப்பட்டு ஆண்டுக்கு 105 பேருக்கு இடம் தரப்பட்டது. அமெரிக்கச் சனநாயகத்தின் நிறவெறியை ஜப்பானியப் பரப்புரை ஆசியாவெங்கும் சுட்டிக்காட்டி வந்ததை அரசு உணர்ந்திருந்தது. ஜே. ஜே. சிங்கின் தலைமையில் அமெரிக்க இந்தியா லீக் காங்கிரஸ் உறுப்பினர்களைத் தொடர்ந்து சந்தித்து முயன்றதன் பயனாக, 1946 ஜூலை 2 அன்று லூஸ்-செல்லர் சட்டம் கையெழுத்தாயிற்று. இந்தியரும் பிலிப்பினோக்களும் குடியுரிமை பெறலாம். இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம். நாற்பது கோடி மக்களுக்கு நூறு இடங்கள். அமெரிக்காவில் அன்று எஞ்சியிருந்த இந்தியரும் மிகச் சிலரே. 1940 கணக்கெடுப்பில் அவர்கள் 2,405 பேர்.

இந்த இடைவெளியின் வழி நுழைந்தவர்களுள் தலீப் சிங் சவுந்த் குறிப்பிடத்தக்கவர். 1924 இல் பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றும், தகுதியற்ற அந்நியருக்குக் கலிபோர்னியாவில் உழவன்றி வேறு வழியில்லை என்று கண்டு இம்பீரியல் பள்ளத்தாக்கில் கீரை பயிரிட்டவர் அவர். 1949 இல் குடியுரிமை பெற்றார். 1950 இல் வெஸ்ட்மோர்லாண்ட் ஊரின் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டும், குடிமகனாகி ஓராண்டு நிறையவில்லை என்று பதவி மறுக்கப்பட்டது. 1952 இல் மீண்டும் நின்று வென்றார். 1956 இல் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆசியர் ஆனார். அதே தேர்தலில் கலிபோர்னிய வாக்காளர் அந்நியர் நிலச் சட்டத்தையும் நீக்கினர். குடியுரிமைக்கான நிறத்தடை 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தால் முற்றிலும் அகன்றிருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியராகியிருந்த வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1953 இல் அமெரிக்கக் குடிமகனானார். அவர் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் நிறத்தைக் காரணமாக்கி வகுப்பெடுக்க விடாமல் தடுக்கும் முயற்சி நடந்ததும், பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் அதனை முறியடித்ததும் அவர் வரலாற்றில் பதிவாகியுள்ளன.

1965 ஆம் ஆண்டின் ஹார்ட்-செல்லர் சட்டம் தேசிய ஒதுக்கீட்டு முறையை ஒழித்து, குடும்ப உறவுக்கும் தொழில்திறனுக்கும் முன்னுரிமை அளித்தது. இந்தியாவிலிருந்து மருத்துவரும் பொறியாளரும் அறிவியலாளரும் செல்லத் தொடங்கினர். சட்டமே படித்தவரைத் தேர்ந்தெடுத்து அழைத்தது. அவ்வாறு வந்தோரின் வெற்றியை இனப் பண்பாட்டின் வெற்றியாக எடுத்துக்காட்டி, கறுப்பினத்தவரின் பின்னடைவுக்கு அவர்களையே பொறுப்பாக்கும் பேச்சும் உடன் வளர்ந்தது. அச்சட்டத்துக்கு வழிவகுத்த குடிமை உரிமைப் போராட்டத்தை நடத்தியவர்கள் கறுப்பினத்தவரே என்பது அப்பேச்சில் இடம்பெறுவதில்லை.

1970 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியர்கள் வெள்ளையர் பிரிவில் எண்ணப்பட்டனர். சதர்லாண்ட் மறுத்ததை, நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுப்பு அலுவலகம் எந்த வழக்கும் இன்றிக் கொடுத்துவிட்டது. அதற்குள் காலம் மாறியிருந்தது. சிறுபான்மையினருக்கான பாதுகாப்பும் வாய்ப்புகளும் சட்டத்தில் இடம்பெற்றிருந்தன. தாங்கள் வெள்ளையர் அல்லர், பாகுபாட்டுக்கு உள்ளாகும் சிறுபான்மையினர் என்று இந்தியர் அமைப்புகள் 1970களில் அரசிடம் முறையிட்டன. எல்லா இந்தியரும் இதற்கு உடன்படவில்லை. சிறுபான்மைத் தகுதி கேட்பது இழிவு என்று எதிர்த்தவர்களும் இருந்தனர். 1980 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புப் படிவத்தில் ‘ஆசிய இந்தியர்’ என்ற தனிக்கட்டம் அச்சிடப்பட்டது.